பதிவுக்கு முன் நடப்பது: இயன்முறை மருத்துவக் கல்வியில் காணொளிப் பின்னூட்டம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

‘அட்வான்ஸஸ் இன் ஹெல்த் சயின்சஸ் எஜுகேஷன்’ இதழின் 2013ஆம் ஆண்டுத் தொகுதியில், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மலோனியும் சகாக்களும் எழுதிய இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. இரண்டும் இயன்முறை மருத்துவ மாணவர்களைப் பற்றியவை. தாங்கள் செய்யும் செய்முறையைத் தாங்களே காணொளியாகப் பதிவு செய்யும் வழியை இரண்டும் சோதிக்கின்றன. இரண்டிலும் மாணவர்கள் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டிலும் இறுதி அளவுகோல் ‘ஓஸ்கி’ (OSCE) எனப்படும், கட்டமைக்கப்பட்ட செய்முறைத் தேர்வு. முதல் கட்டுரையில் காணொளிக் குழுவின் திறன் மற்றக் குழுக்களின் திறனிலிருந்து வேறுபடவில்லை. இரண்டாவதில் காணொளிக் குழு கூடுதல் மதிப்பெண் பெற்றது.

இவ்விரண்டு முடிவுகளையும் ஒருசேர வைத்து விளக்கும் முயற்சி குறைவு. ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்த வழி தேடுவோர் முதல் கட்டுரையை எடுத்துக்கொள்கிறார்கள்: காணொளி வழிக் கற்பித்தல் நேரடிக் கற்பித்தலுக்குச் சமம் என்கிறார்கள். காணொளியின் ஆற்றலை நிறுவ விரும்புவோர் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்கள்: தன்னைத் திரையில் பார்க்கும் மாணவர் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்கிறார் என்கிறார்கள். இரு தரப்பினரும் ஒரே அனுமானத்தில் நிற்கிறார்கள். காணொளியின் பயன் அதைத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிறது என்பதே அது. அந்த அனுமானத்துக்கு இக்கட்டுரைகள் இடம் தரவில்லை என்பது என் வாதம். முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது, அது பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும்.

முதல் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். அது ஒரு முன்னோடி ஆய்வு என்பதை ஆசிரியர்களே தலைப்பில் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு செய்முறைத் திறன்களை மூன்று வழிகளில் கற்றார்கள்: ஆசிரியரின் நேரடிப் பயிற்சி, முன்பே பதிவு செய்யப்பட்ட பாடக் காணொளி, மாணவரே தன்னைப் பதிவு செய்துகொள்ளும் முறை. ஓஸ்கி மதிப்பெண்ணில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாணவர்களின் மனநிறைவிலும் வேறுபாடு இல்லை. ஆனால், எந்த முறை கல்விப் பயன் மிக்கது என்று கேட்டபோது, இரண்டு காணொளி முறைகளும் நேரடிப் பயிற்சியைவிட உயர்ந்த மதிப்பீடு பெற்றன.

வேறுபாடு தென்படவில்லை என்பதிலிருந்து, முறைகள் சமமானவை என்று முடிவுகட்ட முடியாது. சமநிலையை நிறுவ வேண்டுமானால் எவ்வளவு வேறுபாடு வரை பொருட்படுத்தத் தேவையில்லை என்று முன்கூட்டியே எல்லை குறித்து, அதைக் கண்டறியப் போதுமான எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். முன்னோடி ஆய்வின் வேலை அதுவல்ல. புள்ளியியலின் தொடக்கப் பாடம்தான் இது. ஆனாலும் ‘மாற்று முறைகள் சமமான விளைவைத் தரும்’ என்ற ஒற்றை வரி, கல்லூரி நிர்வாகங்களின் கைக்குப் போனதும் பயிற்றுநர் எண்ணிக்கையைக் குறைப்பதற்கான சான்றாகிவிடும். அதனாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. மாணவர்கள் அதிகப் பயனுள்ளது என்று மதிப்பிட்ட முறையும் அவர்கள் கையில் வந்த திறனும் தனித்தனி வழியில் போயின. காணொளிப் பின்னூட்டத்துக்கு ஆதரவாக இன்று அடுக்கப்படும் சான்றுகளில் பெரும்பகுதி மாணவர் கருத்துக்கணிப்பு. ‘பயனுள்ளதாக இருந்தது’, ‘தன்னம்பிக்கை கூடியது’ என்ற விடைகளின் தொகுப்பு. அந்த விடைகளை வைத்துத் திறனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை இத்துறையின் சொந்த ஆய்வே, தான் காட்டப் புறப்படாமலேயே, காட்டிவிட்டது. கருத்துக்கணிப்புச் சான்றுகளை இந்த விவாதத்திலிருந்து முழுவதுமாக விலக்கிவிடலாம் என்றே கருதுகிறேன்.

இனி இரண்டாவது கட்டுரை. இதில் 60 மாணவர்கள். பாதிப் பேர் ஒரு சிக்கலான செய்முறைத் திறனை வழக்கமான பயிற்சி வகுப்பில் கற்றார்கள். மறுபாதியினருக்கு அதே வகுப்போடு, தன்னைத்தானே பதிவு செய்து சிந்திக்கும் ஒரு பணி கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. கூடுதல் பணி பெற்றவர்கள் ஓஸ்கியில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். பி மதிப்பு 0.048. வழக்கமான எல்லைக்கோடான 0.05ஐ இது மயிரிழையில் தாண்டுகிறது. குழுவுக்கு முப்பது பேர் என்ற நிலையில், ஓரிரு மாணவர்களின் மதிப்பெண் சற்று மாறியிருந்தாலும் இந்த முடிவு மறுபக்கம் சாய்ந்திருக்கலாம். இருப்பினும் இந்த ஐயத்தில் நான் ஊன்றி நிற்கப்போவதில்லை. முன்னேற்றம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அது எதனால் வந்தது?

இரு கட்டுரைகளுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இங்கேதான். முதலாவதில் காணொளி, வகுப்பின் இடத்தைப் பிடித்தது. இரண்டாவதில் அது வகுப்போடு சேர்ந்தது. சேர்க்கப்பட்ட பணிக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கை வேலை செய்கிறது. இதைத்தான் ‘காணொளிப் பின்னூட்டத்தின் விளைவு’ என்ற பெயர் மறைத்துவிடுகிறது.

பதிவு செய்து ஒப்படைக்கச் சொன்ன ஒரு மாணவி என்ன செய்கிறாள் என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முழங்காலின் மடங்கு கோணத்தை அளக்கும் செய்முறை என்று வைத்துக்கொள்வோம். தோழியைக் கட்டிலில் படுக்கவைக்கிறாள். கைபேசியைச் சன்னல் திண்டில் சாய்த்துவைக்கிறாள். கோணமானியின் மையத்தைத் தொடை எலும்பின் வெளிப்புற முண்டில் வைத்து, ஒரு கையை இடுப்பருகே உள்ள பெருமுண்டை நோக்கியும் மறுகையை வெளிக்கணுக்கால் முண்டை நோக்கியும் நிறுத்த வேண்டும். முதல் முறை, மையம் நழுவுகிறது. நிறுத்திவிட்டு, ‘இன்னொரு தடவைடி, கொஞ்சம் அசையாம படு’ என்கிறாள். இரண்டாம் முறை, நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல மறந்துவிட்டது நினைவுக்கு வருகிறது. அழித்துவிட்டு மறுபடியும். ஒப்படைக்கத் தகுந்தது என்று அவளுக்குத் தோன்றும் பதிவு கிடைப்பதற்குள் அந்தச் செய்முறையை அவள் பலமுறை முழுமையாகச் செய்துவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் எங்கே தவறியது என்பது அவளுக்குத் திரையைப் பார்க்காமலேயே தெரிகிறது. வகுப்பில் பலருக்கு நடுவே ஓரிரு முறை கைவைத்துப் பார்க்கும் மாணவருக்குக் கிடைக்காத பயிற்சி இது. கேமரா இங்கே கண்ணாடியாக வேலை செய்யவில்லை. கெடு வைத்து, ஒப்படைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தந்து, திரும்பத் திரும்பச் செய்யவைத்தது.

மொனாஷ் மாணவர்கள் ஒவ்வொருவரும் இப்படித்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வகுப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அதற்கு ஈடான நேரமும், ஒப்படைத்தாக வேண்டிய ஒரு பணியும் தரப்படாத ஆய்வமைப்பில், பயிற்சியின் விளைவையும் பார்த்தலின் விளைவையும் பிரிக்க வழியில்லை என்கிறேன். பிரிக்க வழியில்லாத இடத்தில் பார்த்தலுக்கே முழுப் பெருமையையும் கொடுப்பதற்கு, வெளியிலிருந்து வலுவான காரணம் வேண்டும். வெளியே உள்ள சான்றுகளோ எதிர்த்திசையில் போகின்றன.

இயக்கக் கற்றல் ஆய்வில் இது பழைய செய்தி. ரோத்ஸ்டைனும் ஆர்னால்டும் 1976இல், பதினெட்டு விளையாட்டுகளில் காணொளி மறுபார்வையைப் பயன்படுத்திய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்த விளையாட்டு என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. கற்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதே பொருட்பட்டது. தொடக்க நிலையினர் எதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் பயன் பெற்றார்கள். கெர்னோடலும் கார்ல்ட்டனும் 1992இல் இதைக் கூர்மையாகச் சோதித்தார்கள். பழகாத கையால் பந்தைத் தலைக்கு மேலாக எறியக் கற்றவர்களில், தன் எறிதலைக் காணொளியில் வெறுமனே பார்த்தவர்கள், எறிதலின் விளைவை மட்டும் அறிந்தவர்களைவிட மேம்படவில்லை. எதைக் கவனிக்க வேண்டும் அல்லது அடுத்து எதை மாற்ற வேண்டும் என்ற குறிப்போடு பார்த்தவர்களே மேம்பட்டார்கள். இயன்முறை மருத்துவ மாணவர் அந்தச் செய்முறையில் தொடக்க நிலையினர்தான். அவருக்கு மட்டும் இந்த விதி ஏன் பொருந்தாது என்பதற்கு யாரும் இதுவரை நிறைவான காரணம் சொல்லவில்லை.

மருத்துவக் கல்வியிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஹாக்கின்ஸும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் தையல் போடும் தங்கள் செய்முறையைத் தாங்களே மதிப்பிட்டார்கள். தன் காணொளியை மட்டும் பார்த்ததால் அந்த மதிப்பீடு துல்லியம் அடையவில்லை. தேர்ந்தவர் செய்யும் மாதிரிக் காணொளியையும் பார்த்த பிறகே அது நிபுணரின் மதிப்பீட்டை நெருங்கியது. மொனாஷின் இரண்டாவது ஆய்விலும் சக மாணவர்களின் செய்முறையை அளவுகோலாகக் காண்பது அந்த முயற்சியின் நோக்கத்தில் இடம்பெற்றிருந்தது. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோரில் பலர் இந்த அம்சத்தை விட்டுவிடுகிறார்கள். அளவுகோல் இல்லாமல் தன்னைப் பார்ப்பவர் எதைக் கொண்டு தன்னை அளப்பார்? மருத்துவர்களின் தன்மதிப்பீடு பற்றி டேவிஸும் சகாக்களும் 2006இல் ‘ஜாமா’ இதழில் வெளியிட்ட தொகுப்பில், 20 ஒப்பீடுகளில் 13இல் தன்மதிப்பீட்டுக்கும் வெளி மதிப்பீட்டுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவோ, இல்லாமலோ, தலைகீழாகவோ இருந்தது. பணியில் இருக்கும் மருத்துவர்களின் நிலையே இது. மாணவர்களிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தன்னைப் பார்ப்பது கெடுதலும் செய்யக்கூடும். பின்னூட்டம் பற்றி க்ளூகரும் டெனிசியும் 1996இல் செய்த தொகுப்பாய்வு 607 விளைவளவுகளையும் 23,663 அவதானிப்புகளையும் கொண்டது. சராசரியாகப் பின்னூட்டம் பயன் தந்தது. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்தது. கவனம் செய்யும் வேலையை விட்டுத் தன்மீது திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முதன்முதலாகத் தன் காணொளியைப் பார்க்கும் மாணவரின் வாயிலிருந்து வரும் முதல் சொற்கள் என்னவென்று கற்பிப்பவர்கள் அறிவார்கள்: ‘ஐயோ, என் குரல் இப்படியா இருக்கு?’ கட்டிலின் உயரத்தைச் சரிசெய்யாமல் முதுகை வளைத்து நின்றது கண்ணில் படுவதற்கு முன், குரலும் உடம்பும் உடையும் கண்ணில் பட்டுவிடுகின்றன.

இதற்கு மேல், இத்துறைக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. மற்ற மருத்துவத் துறைகளிலிருந்து காணொளி ஆய்வுகளை எடுத்து வந்து பொருத்துவோர் இதைப் போதுமான அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. இயன்முறை மருத்துவத்தில் கணிசமான பகுதி கையால் உணரப்படுவது. அடிலெய்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த மூட்டு அசைவுப் படிநிலைகளை எடுத்துக்கொள்வோம். முதல் நிலை, அசைவெல்லையின் தொடக்கத்தில் சிறு அசைவு. இரண்டாவது, எல்லையைத் தொடாமல் பெரிய அசைவு. மூன்றாவது, எல்லை வரை செல்லும் பெரிய அசைவு. நான்காவது, எல்லையிலேயே நிகழும் சிறு அசைவு. முதலாவதும் நான்காவதும் சிறு அசைவுகளே. முதுகெலும்பின் ஒரு கணுவின் மேல் கட்டைவிரல்களை வைத்து அழுத்தும்போது, கேமரா காண்பது இரண்டு நிலைகளிலும் ஏறக்குறைய ஒரே படம்: குனிந்த தோள்கள், நேரான முழங்கைகள், மில்லிமீட்டர் கணக்கில் அசையும் விரல்கள். ஒன்று வலியைத் தணிக்கச் செய்வது. மற்றது இறுக்கத்தைத் தளர்த்தச் செய்வது. வலி மிகுந்த நோயாளிக்கு முதலாவதன் இடத்தில் நான்காவதைச் செய்துவிட்டால் அவர் துடித்துப்போவார். இந்த வேறுபாடு முழுவதும் திசு தரும் எதிர்ப்பில் இருக்கிறது. அதைக் கட்டைவிரல் அறியும், திரை அறியாது.

இங்கே வேறு வகைப் பின்னூட்டம் தேவை. கீட்டிங்கும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, உடல் எடை பார்க்கும் சாதாரண எடைமேடையைக் கொண்டே, குறித்த அளவு விசையைக் கையால் கொடுக்க இயன்முறை மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. ஓர் எடைமேடை இந்தத் திறனுக்குச் செய்வதை எந்தக் கேமராவாலும் செய்ய முடியாது. ஆசிரியர் தன் கையை மாணவரின் கைமீது வைத்து அழுத்திக் காட்டுவதும் அதைச் செய்யும். அந்தத் தொடுதலின் இடத்தில் காணொளியை வைப்பதுதான் முதல் கட்டுரையின் வழக்கமான வாசிப்பு நம்மை இட்டுச்செல்லும் இடம்.

காணொளிக்கு உரிய இடம் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஒருக்களித்துப் படுத்த நோயாளியின் இடுப்பை விலக்கும் தசையைச் சோதிக்கும்போது, பலவீனமான தசைக்குப் பதிலாக வேறு தசை வேலையை எடுத்துக்கொள்ளும். இடுப்பு பின்னால் உருளும், தொடை முன்னால் மடங்கும். கையில் கவனம் வைத்திருக்கும் மாணவர் இதைத் தவறவிடுவார். காணொளியில், சுட்டிக்காட்டினால், நிச்சயம் பார்ப்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நோயாளியை மாற்றும்போது சிகிச்சையாளரின் கால் நிற்கும் இடம், சக்கர நாற்காலியின் பிரேக் போடப்பட்டதா என்பது, பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா என்பது ஆகியவையும் அப்படியே. குறிப்பாக நோயாளியோடு உரையாடும் திறனில் சான்று வலுவானது. ஃபுக்கிங்கும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட, மனிதர்களோடு பழகும் தொழில்களைப் பற்றிய 33 ஆய்வுகளின் தொகுப்பாய்வு 0.40 என்ற சராசரி விளைவளவைக் கண்டது. அங்கேயும் எதைப் பார்க்க வேண்டும் என்று குறிக்கும் அவதானிப்புப் படிவம் இருந்த இடங்களில்தான் விளைவு பெரிது. நான் வாதிடும் எல்லைக்குள்ளேயே இந்த எண் நிற்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் நின்று பதில் சொல்லத் தக்கது. பதிவுக்கு முந்திய பயிற்சியும் காணொளி முறையின் ஒரு பகுதிதானே, முழுமையாகப் பயன் தருகிற ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரிப்பானேன் என்று கேட்கலாம். பிரிக்கத்தான் வேண்டும். பயன் பார்த்தலில் இருக்கிறது என்று நம்பும் கல்லூரி, கேமராவும் மென்பொருளும் சேமிப்பு வசதியும் வாங்கும். பயன் பயிற்சியிலும் அளவுகோலிலும் இருக்கிறது என்று அறிந்த கல்லூரி, கால அட்டவணையில் பயிற்சி நேரத்தை ஒதுக்கும். நல்ல மாதிரிக் காணொளிகளை எடுத்துவைக்கும். திருத்திச் சொல்ல ஆளை அமர்த்தும். பணம் போகும் வழி அடியோடு மாறுகிறது.

செலவே இல்லை, எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது என்பதை எதிர்வாதமாகவே கொள்ள முடியாது. 60 மாணவர்களின் ஐந்து நிமிடக் காணொளிகளை ஒருமுறை பார்த்து முடிக்கவே ஐந்து மணி நேரம் ஆகும். குறிப்பு எழுதும் நேரம் தனி. இந்தத் தலைமுறை திரைக்குப் பழகியது என்ற வாதமும் அப்படித்தான். திரைக்குப் பழகியவர் மூட்டுக்குப் பழகியவர் ஆகிவிட மாட்டார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு குறிப்பு. பயிற்சிப் பதிவுகளை வார்டில் இருக்கும் நோயாளியோடு எடுக்கும் போக்கைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவரிடம், தனக்குச் சிகிச்சை தரும் மாணவர் கேட்கும் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்பதையும் நினைக்க வேண்டும். பதிவுக்குச் சக மாணவர் போதும். என் வாதம் சரியென்றால், பயனில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

என் வாதம் தவறாகவும் இருக்கலாம். அதைச் சோதிப்பது கடினமில்லை. ஒரு வகுப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு பதிவு செய்து, மாதிரியோடு ஒப்பிட்டுத் தன் காணொளியைப் பார்க்கட்டும். இன்னொரு குழு அதே போலப் பதிவு செய்து ஒப்படைக்கட்டும். தன் பதிவைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது குழு கேமரா இல்லாமல் அதே அளவு நேரம் பயிற்சி செய்யட்டும். மாதிரிக் காணொளி மூன்று குழுக்களுக்கும் பொது. தேர்வில் கண்ணால் மதிப்பிடும் திறன் ஒன்றும், கையால் மட்டுமே உணரக்கூடிய திறன் ஒன்றும் இருக்க வேண்டும். பின்னதை எடைமேடை போன்ற விசை அளவி கொண்டு அளக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து மறுதேர்வு வைத்தால் தற்காலிகத் தேர்ச்சியும் நிலைத்த கற்றலும் பிரிந்து தெரியும்.

இரண்டாவது குழு முதல் குழுவுக்குப் பின்தங்கினால் என் வாதத்தைக் கைவிடத் தயாராக இருக்கிறேன். ஒரு செமஸ்டரும், ஒத்துழைக்கும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் இதைச் செய்யலாம். பதிவு செய்தும் பார்க்காத அந்தக் குழுவைச் சேர்க்காமல் நடத்தப்படும் ஆய்வை, தன்னைத் திரையில் பார்ப்பதன் பயனுக்குச் சான்றாக ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.